இரண்டாம் பதிப்பும் இரண்டாம் புத்தகமும்

1993இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்போகேன் நகரத்துக்கு அருகிலிருந்து, ராண்ட் மில்லர், ராபின் மில்லர் என்ற சகோதரர்கள் ‘மிஸ்ட்’ என்ற கணினி விளையாட்டை வெளியிட்டார்கள். அவர்களுடைய நிறுவனத்தின் பெயர் சயன். 1997இல் ‘மிஸ்ட்’டின் தொடர்ச்சியாக ‘ரிவன்’ வந்தது. முதலாவதைவிட இரண்டாவது மேலானது என்பது என் கருத்து. இது பலரும் சொன்னதுதான். ஆனால் மேலானது என்றால் எந்த வகையில் என்று எனக்கே சொல்லிக்கொள்ள இருபத்தைந்து வருஷங்களுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் நான் ஒரு கவிதைத் தொகுப்பைத் திருத்திக் கெடுத்தேன். ஒரு நண்பரையும் இழந்தேன்.

விளையாட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதா என்று சிலர் கேட்கக்கூடும். சினிமாவைப் பற்றி எழுதியபோதும் இதையேதான் கேட்டார்கள். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதில் எனக்கு இப்போது ஆர்வமில்லை.

1996இல் அண்ணாச்சியின் மகன் பாளையங்கோட்டையில் ஒரு டி.டி.பி. சென்டர் வைத்திருந்தான். கல்யாணப் பத்திரிகை, பதினாறாம் நாள் காரியப் பத்திரிகை, பள்ளிக்கூட வினாத்தாள், இவற்றுக்கு நடுவே நாங்கள் நடத்திய பத்திரிகையின் பக்கங்கள். அங்கே ஒரு மாக்கின்டாஷ் இருந்தது. அமெரிக்காவிலிருந்து லீவில் வந்த அண்ணாச்சியின் மருமகப்பிள்ளை ‘மிஸ்ட்’ சி.டி.யைக் கொடுத்துவிட்டுப் போனார். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, புரூஃப் பார்ப்பதாக வீட்டில் சொல்லிக்கொண்டு, நாங்கள் இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்தோம். அண்ணாச்சி முப்பத்திரண்டு வருஷம் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வட்டாரத்தில் அவரளவுக்குக் கவிதை படித்தவர்கள் குறைவு. எழுதியது அதைவிடக் குறைவு. விளையாட்டுக்கென்று ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டு, பென்சிலால் படம் வரைந்து குறிப்பெழுதிக்கொண்டே வந்தார். மௌஸ் என் கையில், பென்சில் அவர் கையில்.

‘மிஸ்ட்’டில் சுடுவது, ஓடுவது, சாவது எதுவும் இல்லை. ஆளில்லாத ஒரு தீவு. திரையில் ஓர் அசையாத படம். ஓரிடத்தில் அழுத்தினால் அடுத்த அசையாத படம். இப்படிச் சுமார் 2,500 படங்கள். ஒரு நூலகம், அதில் எரிந்துபோன புத்தகங்கள். சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று என்று இரண்டு புத்தகங்களுக்குள் இரண்டு சகோதரர்கள் அடைபட்டிருக்கிறார்கள். படம் இரைகிறது, பேச்சு அறுந்து அறுந்து வருகிறது. கிழிந்துபோன பக்கங்களைத் தேடிக் கொண்டுவந்து சேர்த்தால் என்னை விடுவிக்கலாம், மற்றவனை நம்பாதே என்று ஒவ்வொருவனும் கெஞ்சுகிறான். புத்தகம்தான் சிறை, புத்தகம்தான் கதவு. வேறு உலகத்துக்குப் போக வேண்டுமானால் அந்த உலகத்தை விவரிக்கும் புத்தகத்தைத் திறந்து அதிலுள்ள படத்தின்மேல் கையை வைக்க வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிட வேறு தூண்டில் வேண்டுமா?

மூன்று வாரங்களில் முடித்துவிட்டோம். முடித்த ராத்திரி ஷட்டரை இறக்கிப் பூட்டிக்கொண்டே அண்ணாச்சி கேட்டார்: “இவ்வளவு பூட்டுப் போட்டிருக்கானே, இவன் எங்கவே சோறு பொங்கினான்?”

நான் சிரித்தேன். அது ஒரு விமர்சனம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

உண்மையில் ‘மிஸ்ட்’டைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. அந்தத் தீவில் ஒரு ராக்கெட் நிற்கிறது. ஜெனரேட்டரில் 59 வோல்ட் வரும்படி பொத்தான்களை அழுத்தி அதற்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். பிறகு ராக்கெட்டுக்குள் இருக்கும் இசைக்கட்டைகளில், நூலகத்துப் புத்தகம் ஒன்றில் குறித்துள்ள ஸ்வரங்களைக் கேட்டு, எதிர்முனையிலுள்ள கம்பிகளை அந்தச் சுருதிக்கு நகர்த்த வேண்டும். கதவு திறக்கிறது. திறந்ததும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடலோரப் பாறையில் ராக்கெட் எதற்கு? ராக்கெட்டுக்குள் ஆர்மோனியம் எதற்கு? இங்கே குடியிருந்தவன் தன் வேலைக்குப் போக ஒவ்வொரு நாளும் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தானா? இதற்கெல்லாம் பதில் கிடையாது. பூட்டு நமக்காகப் போடப்பட்ட பூட்டு. நாம் வருவோம் என்று தெரிந்து செய்துவைத்தது. அழகான படிமங்கள், எதன் மேலும் நிற்காத படிமங்கள். எழுபதுகளில் நாம் எழுதிய கவிதைகளில் பாதிக்கு மேல் இந்த ரகம். ஒரு கண்ணாடி, ஒரு படிக்கட்டு, ஒரு பறவை, நடுவில் வெற்றிடம். வாசகன் திறந்துகொள்வான் என்று ஒரு நம்பிக்கை.

இப்படிச் சொல்வதால் ‘மிஸ்ட்’டை நான் தள்ளுபடி செய்யவில்லை. அந்த வெறுமைக்கு ஒரு கனம் இருந்தது. காற்றுச் சத்தத்தையும் தண்ணீர்ச் சத்தத்தையும் தவிர வேறொன்றுமில்லாமல் ஒரு நூலக வாசலில் நின்றுகொண்டிருந்தது இன்றைக்கும் எனக்கு ஞாபகமிருக்கிறது. பிற்பாடு அந்த மாதிரி நின்ற இடங்கள் அதிகமில்லை.

இனி என் தொகுப்பு. 1981இல் வந்தது, 43 கவிதைகள். 1998இல் இரண்டாம் பதிப்புக்கு ஒருவர் முன்வந்தார். எனக்கு அப்போது ஒரு சபலம். பதினேழு வருஷத்தில் நான் வளர்ந்திருக்கிறேன், கவிதைகள் மட்டும் ஏன் அப்படியே இருக்க வேண்டும்? 11 கவிதைகளைத் திருத்தினேன். அதே டி.டி.பி. சென்டரில்தான் வேலை நடந்தது. ஒரு கவிதையில் தாமிரபரணிப் படித்துறையில் ஒற்றைச் செருப்பு ஒன்று கிடக்கும். நதியின் பெயரும் படித்துறையும் கவிதையை ஊருக்குள் கட்டிப்போடுவதாக எனக்குப் பட்டது. இரண்டையும் எடுத்துவிட்டேன். செருப்பு மட்டும் மிஞ்சியது. இதைச் செறிவு என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி புரூஃபைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஆத்தை எதுக்குவே எடுத்தீரு?”

“அது இல்லாமலும் நிக்குது அண்ணாச்சி.”

“நிக்குதா? செருப்பு இப்ப எங்க கெடக்கு, சொல்லும்.”

நான் ஏதோ உலகப் பொதுமை என்றெல்லாம் பேசினேன். அவர், “அச்சான கவிதை உம்ம கவிதை இல்லவே. பிடிக்கலைன்னா வேற எழுதும். அதைப் போட்டு நோண்டாதீரும்” என்றார். நான் அவருடைய சொந்தக் கவிதைகளின் எண்ணிக்கையைக் குறித்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. மகன் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். புத்தகம் நான் திருத்தியபடியே வந்தது. அதற்குப் பிறகு சந்தித்தால் பேசிக்கொள்வோம். ஆனால் ஒன்பது மணிக்கு மேல் நான் போவதில்லை.

அந்த வருஷம்தான் ‘ரிவன்’ வந்து சேர்ந்தது. அதே மருமகப்பிள்ளை, இந்தத் தடவை ஐந்து சி.டி.கள். வரும்படி அண்ணாச்சி சொல்லி அனுப்பினார். வேலை இருக்கிறது என்று பதில் சொல்லிவிட்டேன். இரண்டாம் பாகம் என்றாலே ஓடின படத்தை மறுபடி ஓட்டுகிற வியாபாரம் என்று ஒரு காரணமும் எனக்குள் தயாராக இருந்தது. 1605இல் வந்த ‘டான் கிஹோத்தே’யின் இரண்டாம் பாகத்தை செர்வாண்டிஸ் 1615இல் வெளியிட்டதும், அதில் வரும் பாத்திரங்களே முதல் பாகத்தைப் படித்திருப்பதும், அதன் குறைகளைப் பற்றிப் பேசிக்கொள்வதும் எனக்குத் தெரிந்த சமாசாரங்கள். ஆனால் தெரிந்தது எதுவும் வேண்டிய நேரத்தில் எட்டிப் பார்ப்பதில்லை.

அண்ணாச்சி தனியாகவே விளையாடியிருக்கிறார். 2004இல் அவர் காலமானார். டி.டி.பி. சென்டரை மூடியபோது மகன் என்னிடம் ஒரு அட்டைப் பெட்டியைக் கொடுத்தான். எங்கள் பத்திரிகையின் பழைய இதழ்கள், ஐந்து தகடுகள், இரண்டு நாற்பது பக்க நோட்டுகள். ஒன்று எனக்குத் தெரிந்தது. மற்றதைப் பல வருஷங்கள் நான் பிரிக்கவில்லை.

2023 கடைசியில் என் பேரன் தன் மடிக்கணினியில் பழைய ‘ரிவனை’ இறக்கிக் கொடுத்தான். இப்போது தகடு மாற்ற வேண்டிய தொல்லை கிடையாது. 1997இல் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குக் காந்த வண்டியில் பறந்து போய் இறங்கினால், விளையாட்டு நின்று அடுத்த சி.டி.யைப் போடச் சொல்லுமாம். நோட்டின் ஓரங்களில் அண்ணாச்சி ‘தகடு 2’, ‘தகடு 4’ என்று குறித்திருக்கிறார். விடைகள் எல்லாம் எங்கே கிடைக்கும் என்று பேரன் காட்ட வந்தான். வேண்டாம் என்றேன். நோட்டையும் மாட்டிக்கொண்ட இடத்தில் மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

ஆரம்பமே வேறு மாதிரி இருக்கிறது. நீங்கள் ஒரு கூண்டுக்குள் வந்து விழுகிறீர்கள். ஒரு காவலாளி வந்து உங்களிடம் என்னவோ பேசுகிறான். ஒரு சொல்கூடப் புரிவதில்லை, யாரும் மொழிபெயர்ப்பதும் இல்லை. உங்கள் கையிலிருந்த புத்தகத்தை அவன் பிடுங்கிக்கொள்கிறான். மறுகணம் யாரோ எய்த ஊசியில் சுருண்டு விழுகிறான். முகமூடி போட்ட ஒருவன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, உங்களையும் திறந்துவிட்டுவிட்டு மறைகிறான். இங்கே உங்களுக்கு முன்பே ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது. உங்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை.

காட்டுப் பாதையில் ஒரு சிறு பெண் நிற்கிறாள், உங்களைப் பார்த்ததும் ஓடிவிடுகிறாள். காவல் கோபுரத்திலிருந்தவன் எச்சரிக்கை ஒலி எழுப்புகிறான். நீங்கள் கிராமத்துக்குப் போய்ச் சேரும்போது வெளியே ஆளில்லை. ‘மிஸ்ட்’டிலும் ஆளில்லை, ஆனால் அது ஆளே இல்லாத ஊர். இங்கே ஆட்கள் கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்குப் பயந்து. அதே அசையாத படங்கள், அதே மௌனம். மௌனத்துக்கு மட்டும் இப்போது காரணம் இருக்கிறது. கடற்கரைப் பாறையில் சன்னர் என்ற பிராணிகள் வெயில் காய்கின்றன. ஓரடி வைத்தால் தலையைத் தூக்கிப் பார்க்கின்றன. அவை அமைதியடையும்வரை நின்று, மெதுவாக அடுத்த அடி வைத்தால் கிட்டே போகலாம். அவசரப்பட்டால் தண்ணீரில் பாய்ந்துவிடும். நான்கு தடவை அவசரப்பட்டேன்.

அப்புறம் பள்ளிக்கூடம். இதை நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஒரு சின்ன வகுப்பறை, கரும்பலகை, ஒரு விளையாட்டுப் பொம்மை. அந்த உலகத்து எண்களை நீங்கள் கற்றுக்கொண்டாக வேண்டும். எண் தெரியாமல் மேலே நகர முடியாது. பொம்மையில் இரண்டு கம்பங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு மனிதன் தொங்குகிறான். கீழே வாயைத் திறந்துகொண்டு ஒரு பெரிய மீன். வார்க் என்று அதற்குப் பெயர். கைப்பிடியைத் திருகினால் ஒரு எண்ணெழுத்து வருகிறது. தொங்குகிறவன் அத்தனை படி கீழே இறங்குகிறான். படிகளை எண்ணினால் எழுத்தின் மதிப்புத் தெரிகிறது. ஒன்று முதல் பத்துவரை இப்படிக் கற்றுக்கொள்ளலாம். நானும் குஷியாக எண்ணிக் குறித்துக்கொண்டு வெளியே வந்தேன். வெளியே, தண்ணீரின் மேல், முதலிலேயே பார்த்துவிட்டு ஏதோ பாரம் தூக்குகிற யந்திரம் என்று நான் நினைத்திருந்த ஒன்று நின்றது. அதே கம்பம். ஆள் உயரக் கணக்கில். இந்த ஊரில் குற்றவாளிகளை மீனுக்குக் கொடுக்கிறார்கள், பிள்ளைகள் அதை வைத்து எண் படிக்கிறார்கள். எனக்குப் புரிந்தபோது நான் ஏற்கெனவே பாடத்தைப் படித்து முடித்திருந்தேன். மேலே ஏற வேறு வழியில்லாமல் அந்தக் கம்பத்தின் கயிற்றில் தொங்கித்தான் நானும் போக வேண்டியிருந்தது.

இங்கேதான் ‘ரிவன்’ ‘மிஸ்ட்’டைத் தாண்டிப் போகிறது என்று நினைக்கிறேன். புதிர் கடினமாகிவிட்டது என்பதல்ல விஷயம். படங்கள் தெளிவாகிவிட்டன என்பதும் அல்ல. டிஸ்னியின் ‘அலாவுதீன்’ படத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் வாண்டர் வெண்டே வடிவமைப்பில் ராபினோடு சேர்ந்துகொண்டதால் காட்சிகளில் தேர்ச்சி கூடியிருக்கிறது என்பது உண்மைதான். முக்கியமானது, பூட்டும் சாவியும் வாழ்க்கைக்குள் போய்விட்டன என்பது. எண் ஒரு சங்கேதம் அல்ல, ஒரு அரசாங்கம் தன் குழந்தைகளுக்குக் கொடுக்கிற கல்வி. விடை கண்டுபிடிப்பதும் அந்த ஊரை அறிந்துகொள்வதும் ஒரே காரியமாகிவிடுகின்றன. உருவம், உள்ளடக்கம் என்று நாம் எத்தனை இதழ்களில் அடித்துக்கொண்டோம்!

அண்ணாச்சியின் நோட்டில் இந்தப் பொம்மையின் படம் ஒரு முழுப் பக்கத்துக்கு இருக்கிறது. கீழே: ‘இரண்டு கம்பம். இரண்டு பிள்ளைகள் ஆடலாம். தோற்றவன் ஆளை மீன் தின்னும்.’ ஒரு வரி விட்டு: ‘என் வகுப்பில் பிரம்பு.’ அவ்வளவுதான்.

அடுத்த பக்கத்தில் எண்கள். அந்த உலகத்தின் கணக்கு இருபத்தைந்தை அடிப்படையாகக் கொண்டது. ஒன்று முதல் நான்குவரை நான்கு கோட்டுருவங்கள். ஒன்றின் கோட்டைக் கால்வட்டம் திருப்பினால் ஐந்து. இரண்டைத் திருப்பினால் பத்து. இடையில் வருபவற்றுக்கு ஒன்றின்மேல் ஒன்றை எழுதிக்கொள்ள வேண்டும். பொம்மை பத்தோடு நின்றுவிடுகிறது. ஆனால் பத்துக்குள் விதி முழுக்க இருக்கிறது, மிச்சத்தை ஊகித்துக்கொள்ளலாம். அண்ணாச்சி பதினொன்று முதல் இருபத்துநான்குவரை எழுதிப் பார்த்து, பிற்பாடு விளையாட்டில் சரியாக வந்ததற்கெல்லாம் பக்கத்தில் வாத்தியார் டிக் போட்டிருக்கிறார். சிவப்பு மையில்.

இந்த ஊரின் அரசன் கென் என்பவன். அவன் தன்னைக் கடவுள் என்று சொல்லிக்கொள்கிறான். கோயிலில் அவனுடைய உருவம் பிரம்மாண்டமாகத் தோன்றி ஜனங்களிடம் பேசும். பின்னால் ஒரு அறையில் அவன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். அவன் தொழில் எழுத்து. புத்தகம் எழுதி உலகங்களுக்கு வழி உண்டாக்கும் அந்தக் கலையை அவன் சரியாகக் கற்கவில்லை. பழைய புத்தகங்களிலிருந்து நல்ல வாக்கியங்களாகப் பொறுக்கி, ஏன் அவை நல்ல வாக்கியங்கள் என்று தெரியாமல், ஒன்றோடொன்று ஒட்டி எழுதுகிறான். அதனால் அவனுடைய உலகங்கள் கொஞ்ச காலத்தில் இற்றுப்போகின்றன. அவற்றுக்குப் பெயர்கூட வைப்பதில்லை, நம்பர்தான். ‘ரிவன்’ ஐந்தாம் நம்பர். முன்பு ஒரே நிலமாக இருந்தது இப்போது பிளந்து ஐந்து தீவுகளாகிக் கிடக்கிறது. தான் எழுதியதால்தான் இந்த மனிதர்கள் உண்டானார்கள், ஆகவே இவர்கள் தன் உடைமை என்பது அவன் கட்சி. எங்கோ ஏற்கெனவே இருக்கிற உலகத்துக்குப் புத்தகம் ஒரு வழி, அவ்வளவுதான் என்பது அவன் மகன் ஏட்ரஸின் கட்சி. (எழுத்துக் கூட்டிப் படித்த அண்ணாச்சிக்கு அவன் அட்ரஸ். நோட்டு முழுக்க ‘விலாசம்’ என்றே எழுதியிருக்கிறார்.)

கெனை அந்தத் தீவுகளில் அடைத்துப்போட்டு, வெளியேறும் புத்தகங்களை எல்லாம் மகன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதனால் அங்கேயே புத்தகம் செய்ய முனைகிறான் தந்தை. மரங்களை வெட்டி, கொதிகலனில் வேகவைத்துக் கூழாக்கி, காகிதம் செய்து, எழுதி, அது வேலை செய்யாமல் போக, அடுப்பில் போட்டு எரித்து, மறுபடி மரம் வெட்டி. ஜனங்கள் கும்பிட்ட மிகப் பெரிய மரம் ஒன்றின் அடிக்கட்டை மட்டும் நிற்கிறது. அதன்மேல் சிறை கட்டி மருமகள் கேத்தரினை அடைத்திருக்கிறான். தொடர்ந்து எழுதிக்கொண்டேயிருக்கும் மோசமான எழுத்தாளன் ஒருவன் என்னென்ன செய்யக்கூடும் என்பதற்கு நான் பார்த்த சித்திரங்களில் இது மிகவும் ஸ்தூலமானது. நேரில் சந்தித்தால் மரியாதையாகப் பேசுகிறான். மனம் திருந்திவிட்டதாகச் சொல்கிறான். ஜான் கெஸ்டன் என்ற நடிகரின் குரலில் அந்தப் பவ்யம் பயங்கரமாக இருக்கிறது.

மகன் என்ன செய்கிறான்? அவன் தன் அறையைவிட்டு வர முடியாது. தந்தை எழுதிய அந்த ஐந்தாம் நம்பர் புத்தகத்தை வைத்துக்கொண்டு இரவும் பகலும் திருத்திக்கொண்டிருக்கிறான். நிறுத்தினால் தீவுகள் அழிந்துவிடும். இங்கே ஒரு வாக்கியம் சேர்த்தால் அங்கே ஒன்று விரிசல் விடுகிறது. அதனால்தான் உங்களை அனுப்புகிறான். கடைசியில் அந்த உலகம் காப்பாற்றப்படுவதில்லை. ஜனங்களை வேறொரு உலகத்துக்கு, கேத்தரின் எழுதிய புதிய புத்தகத்தின் வழியாக, வெளியேற்றுவதுதான் நடக்கிறது.

அண்ணாச்சியின் நோட்டில் ஒரு தனிப் பக்கத்தில் இந்த வரிகள் இருக்கின்றன: ‘அப்பன் ஒட்டுகிறவன். மகன் திருத்துகிறவன். திருத்துகிறவன் நல்லவன்தான். ஆனால் புஸ்தகம் அப்பனுடையது.’ தேதி போடவில்லை. இதை அவர் என்னை நினைத்து எழுதினாரா, கதைக்கான குறிப்பா என்று பலமுறை யோசித்துவிட்டேன்.

குறைகள் இல்லாமலில்லை. கடைசிக் கட்டத்தில், 25க்கு 25 கட்டங்கள் உள்ள பலகையில் வண்ணக் கோலிகளைச் சரியான குழிகளில் வைக்க வேண்டும். தீவுகளின் வரைபடம், குவிமாடங்கள் இருக்கும் இடம், குறிகளின் நிறம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். நிறம் காட்டும் விளக்குகளில் ஒன்று பழுது என்பதால் அதை விலக்கல் முறையில் ஊகிக்க வேண்டும். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் இங்கே ‘மிஸ்ட்’டின் பழைய பூட்டுப் புத்தி தலைகாட்டுகிறது. நான் தோற்று, நோட்டைப் பார்த்தேன். கலகக்காரர்களும் முகமூடிகளாகவே நின்றுவிடுகிறார்கள். கேத்தரின், அவ்வளவு எழுதத் தெரிந்தவள், கதையில் மீட்கப்பட வேண்டியவளாக மட்டும் உட்கார்ந்திருக்கிறாள். ‘ரிவன்’ முடிந்ததும் ராபின் சயனைவிட்டு விலகிவிட்டார்.

ஆனால் நான் சொல்ல வந்தது இது. ‘மிஸ்ட்’டை அவர்கள் விட்டுவிடவில்லை. 2000இல் ‘ரியல்மிஸ்ட்’ என்று, அசையாத படங்களுக்குப் பதில் நடந்து திரியும்படி செய்து, கடைசியில் ஒரு சிறிய புது உலகத்தையும் சேர்த்து வெளியிட்டார்கள். 2014இல் அதை இன்னும் மெருகேற்றினார்கள். 2020இல் கண்ணை மூடும் கருவியை மாட்டிக்கொண்டு உள்ளே போகும்படியாக மறுபடி செய்தார்கள். பேரன் வீட்டில் அவற்றில் ஒன்றைப் பார்த்தேன். மரங்கள் அசைகின்றன, மழை பெய்கிறது. ராக்கெட் அங்கேயேதான் நிற்கிறது. உள்ளே இசைக்கட்டைகள். எத்தனை தடவை திருத்தினாலும் அந்தத் தீவில் சோறு பொங்க இடம் கிடையாது. ஏனென்றால் அப்படி ஒரு கேள்வி இல்லாமல் பிறந்தது அது. அந்தக் கேள்விக்குப் பதில் 1997இலேயே வந்துவிட்டது, வேறொரு தீவாக. ‘மிஸ்ட்’டைப் பற்றி அதன் ஆசிரியர்களே எழுதிய விமர்சனம் ‘ரிவன்’. அதில் முதல் புத்தகத்தின் ஒரு வரியைக்கூட அவர்கள் தொடவில்லை.

2024இல் ‘ரிவனை’யும் திருத்தி வெளியிட்டுவிட்டார்கள். நடித்தவர்களின் படங்களை எடுத்துவிட்டு உருவங்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். சில புதிர்கள் மாறியிருக்கின்றன. நன்றாக இருக்கிறது என்று பேரன் சொல்கிறான். இருக்கலாம். நான் இன்னும் அதைப் பார்க்கவில்லை. அண்ணாச்சியின் நோட்டு அதற்கு உதவாது என்பது மட்டும் தெரிகிறது.

என் தொகுப்புக்கு இப்போது மூன்றாம் பதிப்பு வருகிறது. 1981 பிரதியையே அனுப்பினேன். ஆறு, படித்துறை, செருப்பு எல்லாம் இருந்த இடத்தில் இருக்கின்றன. இப்போது படித்துப் பார்த்தால் அவற்றில் பாதி நல்ல கவிதைகள் இல்லை. போன வாரம் அச்சகத்திலிருந்து பையன் ஃபோன் செய்தான். “சார், பதினேழாம் பக்கத்துல ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கு. போட்டுரட்டுமா?” என்றான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். லைன் கட்டாகிவிட்டதென்று நினைத்து அவன் இரண்டு தடவை ஹலோ என்றான். போடச் சொன்னேன்.